பெட்டகத்துத் தங்கமும் நோட்டின் மதிப்பும்

ரூபாய் நோட்டுக்கு மதிப்பு ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில் கிடக்கும் தங்கத்திலிருந்து வருகிறது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பொது அறிவாகவே நிலைபெற்றுவிட்டது. எவ்வளவு தங்கம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நோட்டு அடிக்க முடியும் என்பது அதன் முதல் பகுதி. தங்கம் கூடினால் ரூபாய் ஏறும், குறைந்தால் சரியும் என்பது இரண்டாவது பகுதி. மேடைப் பேச்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இது கேள்வியின்றிக் கடந்துபோகிறது. பொருளாதாரம் படித்தவர்கள்கூட மறுக்கச் சோம்பி விட்டுவிடுகிறார்கள். இரண்டு பகுதிகளுமே பிழை.

முதல் பகுதியைச் சட்டமே தள்ளுபடி செய்கிறது. 1934ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் 33ஆம் பிரிவில் ஒரு விகிதத்தை விதித்திருந்தது உண்மை. வெளியிட்ட நோட்டுகளுக்கு எதிராக வைக்கும் சொத்துகளில் 40 சதவீதம் தங்கமாகவோ ஸ்டெர்லிங் பத்திரங்களாகவோ இருக்க வேண்டும். அதில் தங்கம் 40 கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது. அப்போதும் எஞ்சிய 60 சதவீதத்துக்கு ரூபாய் நாணயமும் அரசின் கடன் பத்திரமும் போதுமானவையாக இருந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்களை இறக்குமதி செய்ய வேண்டி வந்தபோது இந்த விகிதம் அந்நியச் செலாவணியைக் கட்டிப்போட்டது. 1956இல் விகிதமே கைவிடப்பட்டு, குறைந்தபட்ச இருப்பு என்ற முறை வந்தது. 1957இல் அதுவும் தளர்த்தப்பட்டது. தங்கமும் வெளிநாட்டுப் பத்திரங்களும் சேர்ந்து 200 கோடி ரூபாய், அதில் தங்கம் 115 கோடி ரூபாய்: சட்டம் கேட்பது அவ்வளவுதான். அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை.

1957இல் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். இன்று அது 35 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இதில் 200 கோடி என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைய விலையில் 115 கோடி ரூபாய்க்கு இருநூறு கிலோ தங்கம்கூட வராது. தியாகராய நகரின் பெரிய நகைக் கடை ஒன்றின் இருப்புக்கு அது ஈடாகுமா என்பதே சந்தேகம். நோட்டு அச்சடிப்பதற்குத் தங்கம் கடிவாளம் போடுகிறது என்று இதன் பிறகும் சொல்பவர்கள் எந்தக் கடிவாளத்தைச் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டும்.

அவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்றுகள் இரண்டு. ஒன்று, நோட்டில் ஆளுநர் கையெழுத்துக்கு மேலே உள்ள வாக்குறுதி. நூறு ரூபாய் நோட்டைக் கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தருவதாகத்தான் அதில் இருக்கிறது. தங்கம் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வங்கியில் நீட்டினால் கிடைப்பது வேறு நோட்டுகளோ நாணயங்களோதான். ஒரு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி அல்ல, இந்திய அரசு வெளியிடுகிறது. நிதிச் செயலர் கையெழுத்திடும் அந்த நோட்டில் அந்த வாக்குறுதிகூடக் கிடையாது. அதை வாங்க மறுத்த கடைக்காரர் யாரும் வாக்குறுதி இல்லை என்ற காரணத்துக்காக மறுத்ததில்லை.

இரண்டாவது சான்று சற்று வலுவானது. ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையே தங்கத்தின் ஒரு பகுதியை நோட்டுகளுக்கு எதிரான சொத்தாகக் கணக்குக் காட்டுகிறது. 2024 மார்ச் நிலவரப்படி மொத்தத் தங்கம் 822 டன். அதில் நோட்டு வெளியீட்டுத் துறையின் பெயரில் இருந்தது 308 டன். அன்றைய விலையில் அது புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. எஞ்சிய பெரும்பகுதி வெளிநாட்டு அரசுகளின் கடன் பத்திரங்கள். பொறுப்புகளுக்கு எதிரே சொத்துகளை எழுதுவது கணக்கியல் முறை. அந்தச் சொத்தைக் கேட்டுப் பெறும் உரிமை நோட்டு வைத்திருப்பவருக்கு இல்லாதபோது, அதுதான் நோட்டின் மதிப்பை ஆள்கிறது என்று சொல்ல இடமில்லை.

இரண்டாம் பகுதிக்கு வந்தால், அதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு நல்ல வாய்ப்பைத் தந்திருக்கிறது. 2009 நவம்பரில் ரிசர்வ் வங்கி சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு வாங்கியது. இருப்பு 557 டன்னுக்குச் சற்று மேலே உயர்ந்தது. அதன் பிறகு 2017 இறுதிவரை எட்டு ஆண்டுகள் அந்த அளவு ஏறக்குறைய அசையவே இல்லை. தங்கம்தான் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த எட்டு ஆண்டுகளும் ரூபாய் கல்லாக நின்றிருக்க வேண்டும். வாங்கிய மாதத்தில் ஒரு டாலருக்கு 46 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது, 2013 ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. 2014 மே மாதத்தில் 59க்கு அருகே மீண்டது. 2016 தொடக்கத்தில் மறுபடி 68. ஒரே அளவு தங்கத்தின் மீது இத்தனை ஏற்ற இறக்கம்.

2013இன் சரிவு தனியே கவனிக்கத் தக்கது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, தம் வங்கி மாதந்தோறும் வாங்கிவந்த பத்திரங்களின் அளவைக் குறைக்கக்கூடும் என்று கோடிகாட்டினார். அமெரிக்காவில் வட்டி ஏறப்போகிறது என்ற கணிப்பில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியக் கடன் பத்திரங்களை விற்று டாலராக மாற்றிக்கொண்டு வெளியேறினார்கள். இந்தோனேசியா, பிரேசில், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நாணயங்களும் அப்போது சரிந்தன. இந்தியா கூடுதலாக அடிவாங்கியதற்குக் காரணம் 2012-13இல் அதன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தை எட்டியிருந்தது. அந்தப் பற்றாக்குறையைப் பெருக்கியதில் கச்சா எண்ணெய்க்கு அடுத்த பங்கு தங்க இறக்குமதிக்கு. ரூபாயைக் காப்பாற்ற அரசு செய்தவற்றில் ஒன்று தங்கத்தின் மீதான இறக்குமதி வரியை 10 சதவீதமாக உயர்த்தியது. தங்கம் வந்தால் ரூபாய் ஏறும் என்று நம்புகிற நாட்டில், தங்கம் வந்துகொண்டிருந்ததே ரூபாயை இறக்கிய காரணங்களில் ஒன்றாக இருந்தது. சரிவைத் தடுத்தது வெளிநாடுவாழ் இந்தியரின் டாலர் வைப்புகளுக்கு ரிசர்வ் வங்கி அளித்த சலுகையும் வட்டி உயர்வும்தான். பெட்டகத்திலிருந்து ஒரு கிராம்கூட வெளியே எடுக்கப்படவில்லை.

2018க்குப் பிறகு ரிசர்வ் வங்கி மீண்டும் தங்கம் வாங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் 560 டன்னாக இருந்த இருப்பு 2025 மார்ச்சில் 880 டன்னை நெருங்கியது. அதே ஏழு ஆண்டுகளில் டாலரின் விலை 65 ரூபாயிலிருந்து 85 ரூபாய்க்குப் போனது. தங்கம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியபோது ரூபாய் இறங்கியிருக்கிறது.

1991 பற்றிச் சொல்லாமல் இந்த விவாதம் முடிவதில்லை. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறி, அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தபோது, இந்தியா மே மாதம் 20 டன் தங்கத்தை ஸ்டேட் வங்கி வழியாக வெளிநாட்டில் விற்று டாலர் திரட்டியது. ஜூலையில் ஏறத்தாழ 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைத்து சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கியது. அதே ஜூலையின் முதல் மூன்று நாள்களில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணைகளில் குறைக்கப்பட்டு, டாலர் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய் ஆனது. தங்கம் போனது, ரூபாய் விழுந்தது என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. வீட்டில் வளையல் அடகுக்குப் போனதால்தான் வறுமை வந்தது என்று சொல்வது போன்ற தர்க்கம் அது. ஏற்றுமதியை மீறிய இறக்குமதி, எண்பதுகளில் பெருகிய நிதிப் பற்றாக்குறை, குறுகிய காலக் கடன்கள் ஆகியவை முதலில் வந்தன. அவற்றின் விளைவுகளே அடகும் மதிப்பிறக்கமும். ஜூலையில் வாங்கிய கடன் அந்த ஆண்டு இறுதிக்குள் அடைக்கப்பட்டு ஈடு மீட்கப்பட்டது. மீட்ட பிறகு ரூபாய் பழைய 21க்குத் திரும்பவில்லை. 1993 மார்ச்சில் விகிதத்தைச் சந்தையிடம் விட்டபோது அது 31 ரூபாயைக் கடந்திருந்தது.

இதே கூட்டத்தில் சுற்றும் இன்னொரு கதை, 1947இல் ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமமாக இருந்தன என்பது. அன்று ரூபாய் 18 பென்ஸ் என்ற விகிதத்தில் பவுண்டுடன் கட்டப்பட்டிருந்தது, பவுண்டு 4.03 டாலர். கணக்கிட்டால் ஒரு டாலருக்கு 3 ரூபாய் 31 பைசா வரும்.

தங்கம், வெள்ளி போன்ற உலோகத்தைப் பின்னால் வைப்பது என்ன, நாணயமே உலோகமாக இருந்தால் மதிப்பு நிலைக்குமா? அதற்கும் இந்தியாவிலேயே விடை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரூபாய் வெள்ளியாலானது. வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச் சாலையில் கொடுப்பவருக்கு ரூபாய் அடித்துக் கொடுக்கப்பட்டது. உலோகவாதிகளின் கனவு நாணயம் அது. 1870களின் தொடக்கத்தில் அந்த ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்றது. ஜெர்மனி தங்கத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது, அமெரிக்கச் சுரங்கங்கள் வெள்ளியைக் கொட்டின, உலகில் வெள்ளி மலிந்தது. ரூபாயில் ஒரு குன்றிமணி வெள்ளிகூடக் குறையாமலே அதன் விலை 1893இல் 15 பென்ஸுக்குக் கீழே வந்துவிட்டது. லண்டனில் பவுண்டில் செலவுக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்த இந்திய அரசு, அதே பவுண்டுகளுக்கு ஆண்டுக்காண்டு அதிக ரூபாயை வரியாக வசூலிக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கலை ஆராய்ந்த ஹெர்ஷெல் குழுவின் பரிந்துரைப்படி 1893இல் நாணயச் சாலைகள் தனியாரின் வெள்ளிக்கு மூடப்பட்டன. ரூபாயின் எடை கூட்டப்படவில்லை. அதன் பின்னே தங்கமும் குவிக்கப்படவில்லை. புதிய ரூபாய் அடிப்பது நின்றது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு ஆண்டுகள் இன்னும் இறங்கிய ரூபாய், வணிகம் பெருகப் பெருக அரிதாகி, 1898இல் 16 பென்ஸுக்கு ஏறியது. அப்போது ஒரு ரூபாயில் அடங்கிய வெள்ளியின் சந்தை விலை சுமார் 10 பென்ஸ். தன் உடம்பிலிருந்த உலோகத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மதிப்புப் பெற்ற நாணயத்தைக் கோடிக்கணக்கான இந்தியர்கள் சந்தையில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வழங்கலைக் கட்டுப்படுத்தியது மட்டுமே அதற்குக் காரணம். அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட ‘ரூபாயின் பிரச்சினை’ இந்த வரலாற்றைத்தான் துருவியது. தங்கத்துடன் ரூபாயைப் பிணைத்தாலும் வெளியீட்டின் அளவு ஆள்வோர் விருப்பத்துக்கு விடப்பட்டால் மதிப்பு நிலைக்காது என்பது அவருடைய வாதத்தின் மையம். தங்கத்தை ஆதரித்தவர் என்று மட்டும் சொல்லி அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நோட்டுக்குக் குறித்த அளவு தங்கம் தருவதாக அரசுகள் சொல் கொடுத்த தங்கத் திட்டம் நடப்பில் இருந்த காலத்தில் விலைகள் நெடுங்காலம் நிலையாக இருந்தன என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த நிலைத்தன்மை அரசுகள் சொன்ன சொல்லைக் காத்தவரைதான் நீடித்தது. 1914இல் போர் மூண்டதும் ஐரோப்பிய நாடுகள் சொல்லை விட்டன. 1925இல் பழைய விகிதத்துக்கே திரும்பிய பிரிட்டன் 1931 செப்டம்பரில் மறுபடி விலகியது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தின் விலையை ஓர் அவுன்ஸுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக மாற்றினார். 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் வெளிநாட்டு அரசுகளுக்கும் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் தங்கம் பெட்டகத்தில் இருந்தது. மாறியது அரசின் முடிவு. அமெரிக்காவிடம் இன்றும் உலகிலேயே அதிகமாக, 8,133 டன் தங்கம் இருக்கிறது. 1980இல் அங்கே பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டியதையும் அது தடுக்கவில்லை, அடுத்த ஐந்து ஆண்டுகளில் டாலர் பிற நாணயங்களுக்கு எதிராகக் கடுமையாக உயர்ந்ததையும் அது செய்யவில்லை. இரண்டாவதைச் செய்தது அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் ஏற்றிய வட்டி.

தங்கம் நிறைய இருந்தும் நாணயம் அழிந்த நாட்டைப் பார்க்க வேண்டுமானால் லெபனானைப் பார்க்கலாம். மக்கள்தொகை தமிழ்நாட்டின் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு; மத்திய வங்கியிடம் உள்ள தங்கம் 286 டன். நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி அதை விற்கக் கூடாது என்று 1986 முதல் சட்டமும் உண்டு. 1997இலிருந்து ஒரு டாலர் 1,507.5 லெபனான் பவுண்டு என்று கட்டப்பட்டிருந்தது. 2019இல் நெருக்கடி வெடித்தது. 2023 மார்ச்சில் சந்தையில் டாலர் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஒரு டன்கூடக் குறையாமல் நாணயத்தின் மதிப்பில் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் போய்விட்டது. வங்கிகளில் மக்கள் போட்ட டாலரை மத்திய வங்கி உயர்ந்த வட்டிக்கு இழுத்து அரசின் பற்றாக்குறைக்கும் பவுண்டின் செயற்கை விகிதத்துக்கும் செலவழித்திருந்தது. புது டாலர் வரத்து நின்றதும் அது அம்பலமானது.

ஜிம்பாப்வே இன்னும் நேரடியான சோதனையை நடத்தியது. 2024 ஏப்ரலில் ‘ஜிம்பாப்வே தங்கம்’ என்ற பெயரிலேயே ஒரு புதிய நாணயத்தை வெளியிட்டு, அதன் பின்னே 2.5 டன் தங்கமும் 10 கோடி டாலர் ரொக்கமும் இருப்பதாக மத்திய வங்கி அறிவித்தது. தொடக்க விகிதம் ஒரு டாலருக்கு 13.56. ஆறு மாதம் நிறைவதற்குள், செப்டம்பர் 27 அன்று, மத்திய வங்கியே அதன் மதிப்பை 43 சதவீதம் குறைத்து 24க்கு மேல் கொண்டுபோனது. அந்த ஆறு மாதங்களிலும் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. பல முறை ஏமாந்த மக்கள் புது நோட்டைக் கையில் வைத்திருக்க விரும்பவில்லை. கிடைத்தவுடன் டாலராக மாற்றினார்கள்.

எதிர்ப்பக்கச் சான்றுகளும் குறைவில்லை. கனடா தன் தங்கத்தைச் சிறுகச் சிறுக விற்று 2016இல் ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. கனடிய டாலரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தபோது, புழக்கத்திலிருந்த மார்க் தாள்கள் அனைத்தின் உண்மை மதிப்பைக் காட்டிலும் மத்திய வங்கியிடமிருந்த தங்கத்தின் மதிப்பு பெரிதாக இருந்தது. தங்கம் போதாமல் மார்க் சாகவில்லை. அதை மீட்ட புதிய நாணயமான ரெண்டன்மார்க்கின் பின்னே தங்கமே இல்லை. நிலத்தின் மீதும் தொழில்களின் மீதும் பெயரளவிலான அடமானம் மட்டும் இருந்தது, நோட்டைக் கொடுத்து யாரும் வயல் வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரெண்டன்மார்க். வெளியீட்டுக்கு உச்சவரம்பு போடப்பட்டது, அரசுக்கான கடன் 120 கோடியோடு நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே அரசு மேலும் கேட்டபோது இல்லை என்ற பதில் வந்தது. விலைகள் நின்றன.

இராக்கின் வடக்கே குர்திஸ்தானில் நடந்தது இதைவிட வியப்பானது. 1991க்குப் பிறகு பாக்தாதின் ஆட்சியிலிருந்து துண்டிக்கப்பட்ட அந்தப் பகுதியில், பழைய தரமான அச்சில் வந்த தினார் நோட்டுகள் புழங்கின; ‘சுவிஸ் தினார்’ என்பது மக்கள் வைத்த பெயர். 1993இல் சதாம் உசேன் அரசு அவற்றைச் செல்லாதவை என அறிவித்தது. தங்கம் இல்லை, வெளியிட்ட அரசின் ஆதரவு இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் புதிதாக ஒன்றையும் யாராலும் அச்சடிக்க முடியாது. தெற்கே சதாம் படம் போட்ட புது தினார்கள் கட்டுக்கட்டாக அச்சாகி மதிப்பிழந்தன. 2003 இறுதியில் நாடு முழுவதற்கும் புதிய தினார் வந்தபோது, செல்லாதென அறிவிக்கப்பட்ட ஒரு நோட்டுக்கு 150 புதிய தினார் கொடுக்கப்பட்டது. சதாம் நோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று.

நாணயத்தின் மதிப்பு என்று சொல்வதில் உண்மையில் இரண்டு அடங்கியிருக்கின்றன: உள்நாட்டில் அது வாங்கும் பொருளின் அளவு, பிற நாணயங்களுக்கு எதிரான விகிதம். முதலாவது, நாட்டின் உற்பத்திக்கும் மக்கள் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் பணத்துக்கும் ஒப்பிட எவ்வளவு பணம் உருவாக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அரசு தன் செலவை வரியால் ஈடுகட்டுகிறதா, மத்திய வங்கியை அச்சடிக்கச் சொல்கிறதா என்பது அதில் பெரும்பங்கு. இரண்டாவதை அந்தப் பணவீக்கத்தோடு ஏற்றுமதி இறக்குமதி, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், முதலீட்டின் போக்கு, இரு நாடுகளின் வட்டி வேறுபாடு ஆகியவை நகர்த்துகின்றன. நாளை என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் ஊடாடுகிறது.

இவை அனைத்தும் ஒரே இடத்தில் வேலை செய்ததைப் பாக்குநீரிணைக்கு அப்பால் கண்கூடாகக் காண முடிந்தது. 2019 இறுதியில் இலங்கை அரசு பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. வருமான வரியிலும் சலுகைகள். அடுத்த ஆண்டு கொரோனா வந்து சுற்றுலா நின்றது. வருவாய் சரிய, இலங்கை மத்திய வங்கி அரசின் திறைசேரி உண்டியல்களைத் தானே வாங்கிப் பணம் உருவாக்கியது. அதே சமயம் டாலரை 200 ரூபாய் அளவில் கட்டிவைக்கக் கையிருப்பைக் கரைத்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அந்த விகிதத்தை நம்பாமல் வங்கிகளைத் தவிர்த்து உண்டியல் முறையில் பணம் அனுப்பினார்கள், வங்கிகளுக்கு டாலர் வரத்து இன்னும் குறைந்தது. 2021 இறுதியில் சொற்ப தங்கத்திலும் பாதியளவு விற்கப்பட்டது, பயனில்லை. 2022 மார்ச் 7இல் பிடி தளர்ந்ததும் இரண்டு மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம்.

மீட்சி வந்த வழியும் அதே அளவு பாடம் நிறைந்தது. ஏப்ரலில் வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றப்பட்டது. வரிகள் திரும்ப உயர்ந்தன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏற்பாடு கிடைத்தது. சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும் திரும்பின. அரசின் பத்திரங்களை நேரடியாக வாங்குவதற்குத் தடை விதிக்கும் புதிய மத்திய வங்கிச் சட்டம் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, டாலர் 300 ரூபாயை ஒட்டி நிலைகொண்டது. விற்ற தங்கத்தைத் திரும்ப வாங்கி அல்ல. இந்த மீட்சிக்காக ஏழைகள் கொடுத்த விலை கடுமையானது என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்; உயர்ந்த வட்டியும் மின்கட்டணமும் வரியும் எல்லார் மீதும் ஒரே கனத்தில் விழுவதில்லை.

தங்கத்துக்கு மதிப்பைத் தீர்மானிக்கும் வேலை இல்லை என்றால் மத்திய வங்கிகள் ஏன் போட்டிபோட்டு வாங்குகின்றன என்ற கேள்வி நியாயமானது. 2022இல் மேற்கு நாடுகள் ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை முடக்கின. டாலரும் யூரோவும் பிறர் வங்கியில் பிறர் சட்டத்தின் கீழ் இருப்பவை. சொந்தப் பெட்டகத்துத் தங்கத்தை எந்த அரசாலும் முடக்க முடியாது. நெருக்கடியில் 1991ஐப் போல ஈடாகவும் உதவும். கையிருப்பைப் பல வகையாகப் பிரித்து வைப்பதில் அதற்கு இடம் உண்டு. அது இடர்க்காப்பு, நோட்டின் மதிப்பை நிர்ணயிக்கும் அளவுகோல் அல்ல.

2023-24இல் ரிசர்வ் வங்கி இங்கிலாந்தில் வைத்திருந்த தங்கத்தில் 100 டன்னை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாத இறுதியில் செய்தி வெளியானபோது ரூபாய் வலுப்பெறும் என்று வாழ்த்துகள் குவிந்தன. இருந்த தங்கம்தான் இடம் மாறியது. டாலர் 83 ரூபாய்ச் சொச்சத்திலேயே நின்றது. அடுத்த சில நாள்களில் ரூபாய் அசையத்தான் செய்தது. நிலையான ஆட்சி என்று வாக்குக் கணிப்புகள் சொன்னதை நம்பி ஜூன் 3 அன்று ஏறியது, மக்களவைத் தேர்தல் முடிவுகள் அந்தக் கணிப்புகளைப் பொய்யாக்கிய ஜூன் 4 அன்று ஏறியதைத் திருப்பிக் கொடுத்தது.